பாட்டி வாழ்ந்த கிராமம்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டுப் பெருநகரங்களில் குடியேறியவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு கவலை வருவதுண்டு. கோடை விடுமுறை தொடங்கியதும் குழந்தையை ஊருக்கு அழைத்துச் செல்வதா, வேண்டாமா என்பதே அது. பயணம் நெடிது, செலவு பெரிது, வழியில் குழந்தைக்கு உடம்புக்கு வந்துவிடுமோ என்னும் அச்சம் வேறு. இத்தனை தொல்லைக்குப் பின் கிராமத்தில் சில வாரம் இருந்து திரும்புவதால் குழந்தை அடையும் பயன்தான் என்ன என்று கேட்போரும் உளர். இக்கேள்விக்கு விடை தேடி, நமக்கு வெகு தொலைவிலுள்ள ஒரு நாட்டின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கலாம். ருஷ்ய நாட்டில் குழந்தையைக் கிராமத்திற்கு அழைத்துச் செல்லும் வழக்கம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அந்நாட்டின் மொழியும் இலக்கியமும் அவ்வழக்கத்திற்குப் பட்டுள்ள கடன் சிறிதன்று.

மகா பீட்டர் சக்கரவர்த்தி 1703-ஆம் ஆண்டில் பீட்டர்ஸ்பர்க் நகரை நிறுவியபோது, பிரபுக்கள் யாவரும் அரசுப் பணியில் இருந்தே தீர வேண்டும் என்பது விதி. படையிலோ அலுவலகத்திலோ ஆயுளைக் கழித்த அவர்களுக்குத் தங்கள் கிராமங்களை எட்டிப் பார்க்கவும் பொழுதில்லை. 1762-ஆம் ஆண்டில் மூன்றாம் பீட்டர் வெளியிட்ட பிரகடனம் இக்கட்டாயத்தை நீக்கிற்று. அதன் பின்னர்ப் பிரபுக் குடும்பங்கள் பல, குளிர்காலத்தை நகரத்திலும் கோடையைத் தங்கள் கிராமத்து மாளிகையிலும் கழிக்கத் தொடங்கின.

அக்காலத்தில் அப்பயணம் எளிதன்று. வசந்தத்தில் பனி உருகும்போது ருஷ்ய நாட்டுச் சாலைகள் சேற்றுக் கடலாகிவிடும். வண்டிச் சக்கரம் அச்சு வரை புதையும். ஆகவே சாலை உலரும் வரை காத்திருந்து, பின்னரே குடும்பம் புறப்படும். மெத்தை, தலையணை, பாத்திரங்கள், தேநீர் கொதிக்க வைக்கும் ஸமோவார் ஆகியவற்றோடு சமையற்காரரும் செவிலியரும் பின் வண்டிகளில் வருவர். தூரத்தை வெர்ஸ்ட் என்னும் அளவையால் கணக்கிட்டனர். ஒரு வெர்ஸ்ட் என்பது ஒரு கிலோமீட்டரினும் சிறிதே மிகுதி. சொந்தக் குதிரைகளைப் பூட்டிச் செல்வோர் நண்பகலில் வண்டியை அவிழ்த்து, குதிரைகளுக்குத் தீனியிட்டு, இளைப்பாறிய பின்னரே மேற்செல்வர். பெரியவர்களுக்குச் சலிப்பூட்டிய அந்த இடைத்தங்கல்களே குழந்தைகளுக்குப் பயணத்தின் இன்பமான பகுதி.

அவ்வாறு கிராமத்திற்குச் சென்ற குழந்தைகளுள் ஒருவனைப் பற்றி முதலில் கூற விரும்புகிறேன். 1799-இல் மாஸ்கோ நகரில் பிறந்த அவன் பெயர் அலெக்ஸாந்தர் புஷ்கின். அவனுடைய வீட்டில் பேச்சு மொழி பிரெஞ்சு. தாய் தந்தையர் உரையாடியது பிரெஞ்சில், ஆசிரியர்கள் பிரெஞ்சுக்காரர்கள், தந்தையின் நூலகத்திலிருந்த நூல்களும் பெரும்பாலும் பிரெஞ்சு. உயர்குடியினர்க்கு அதுவே நாகரிகம் என்று கருதப்பட்ட காலம் அது. ருஷ்ய மொழி வேலைக்காரரோடு பேசுவதற்கு உரியது என்பது பலருடைய எண்ணம்.

சிறுவன் புஷ்கின் உடல் பருத்து, மந்தமாய், பேச்சற்று இருந்தான் என்று அவனுடைய அக்காள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறாள். ஓடி விளையாடும்படி தாய் வற்புறுத்தினால் அவன் பாட்டியிடம் ஓடிவிடுவான். பாட்டி தன் தையல் வேலைக்காக வைத்திருந்த பெரிய கூடையினுள் ஏறி அமர்ந்துகொண்டு, அவள் கைவேலையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அங்கே அவனை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

அந்தப் பாட்டி மரியா அலெக்ஸேயவ்னா, தாயைப் பெற்றவள். அவள் 1804-ஆம் ஆண்டில் மாஸ்கோவுக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் ஸகாரோவோ என்னும் சிற்றூரை வாங்கினாள். 1805 முதல் சில ஆண்டுகள் கோடைதோறும் குடும்பம் அங்கே சென்று தங்கிற்று. ஒரு குளம், பிர்ச் மரத் தோப்பு, நடுவே மர வீடு. ஊரில் கோவில் இல்லாமையால், திருநாட்களில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்த வியாஸ்யோமி கிராமத்துக் கோவிலுக்குச் செல்வர். குடியானவர்கள் பண்டிகை நாட்களில் வட்டமாய்க் கைகோத்து ஆடிப் பாடுவதைச் சிறுவன் அங்கேதான் கண்டான். துயரமும் அங்கே நேர்ந்தது. அவனுடைய தம்பி நிக்கலாய் 1807-இல் இறந்து, அந்த வியாஸ்யோமி கோவிலின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டான்.

ருஷ்ய மொழியில் எழுதவும் படிக்கவும் சிறுவனுக்கு முதலில் கற்பித்தவள் அந்தப் பாட்டியே. தன் கணவர் வீட்டாரின் பழங்கதைகளையும் அவள் கூறுவாள். அவளுடைய மாமனார் ஆப்பிரிக்காவிலிருந்து சிறுவனாகக் கொண்டுவரப்பட்டு, மகா பீட்டரின் ஆதரவில் வளர்ந்து, படைத்தலைவராக உயர்ந்த ஹன்னிபால் ஆவார். பாட்டிக்குத் துணையாக அரீனா ரொதியோனவ்னா என்னும் செவிலி இருந்தாள். அவள் பண்ணையடிமையாகப் பிறந்தவள், ஏடறியாதவள், ஆயினும் நாடோடிக் கதைகளும் பழமொழிகளும் அவள் நாவில் ஊற்றெடுத்தன.

1811-இல் பாட்டி அந்த ஊரை விற்றுவிட்டாள். அதே ஆண்டில் புஷ்கின், ஜார்ஸ்கோயெ ஸெலோ என்னும் இடத்தில் புதிதாகத் திறந்த லிஸேயம் பள்ளியிற் சேர்ந்தான். அங்கே தோழர்கள் அவனுக்கு இட்ட பட்டப்பெயர் ‘பிரெஞ்சுக்காரன்’ என்பதாகும். அந்தப் பிரெஞ்சுக்காரனே பின்னாளில் ருஷ்ய இலக்கிய மொழியின் தந்தை எனப் போற்றப்பட்டான்! 1824 முதல் 1826 வரை அரசாங்கத்தின் சினத்திற்கு ஆளாகி மிகாய்லோவ்ஸ்கோயெ கிராமத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தபோது, அவனுக்குத் துணையிருந்தவள் அதே செவிலி அரீனா. மாலைதோறும் அவள் கூறிய கதைகளைக் கேட்டு, தன் கல்வியிலிருந்த குறையை நிறைவு செய்துகொள்வதாகத் தம்பிக்கு அவன் கடிதம் எழுதினான். அக்கதைகளைக் குறிப்பெடுத்தும் வைத்தான். 1831-இல் அவன் இயற்றிய ‘ஜார் ஸல்தான் கதை’ அவ்வகையில் விளைந்ததே.

1830-இல், திருமணத்திற்குச் சில மாதம் முன்னர், புஷ்கின் தன்னந்தனியே ஸகாரோவோவுக்குச் சென்றான். அரீனாவின் மகள் அவ்வூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். எல்லாம் மாறிவிட்டது, எல்லாம் அழிந்துவிட்டது என்று அவளிடம் கூறி வருந்தினான் என்பர். புகழின் உச்சியிலிருந்த முப்பது வயதுக் கவிஞன், இருபது ஆண்டுகளுக்கு முன் கைமாறிப்போன பாட்டியின் வீட்டைக் காண ஏன் சென்றான்? தன் மொழி எங்கே பிறந்தது என்பதை அவன் அறிந்திருந்தான் என்பதன்றி வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

கிராமத்துப் பயணம் ஒருவனுக்கு மொழியைத் தந்தது என்றால், வேறொருவனுக்கு உயிரையே தந்தது. 1791-இல் ஊஃபா நகரில் பிறந்த ஸெர்கேய் அக்ஸாகோவ், முதுமையில் தம் குழந்தைப் பருவ வரலாற்றைச் சிறிதே பெயர் மாற்றி எழுதி 1858-இல் வெளியிட்டார். ‘பேரன் பக்ரோவின் குழந்தைப் பருவம்’ என்பது அந்நூல். ஊஃபாவிலிருந்து பாட்டனாரின் கிராமத்திற்குத் தாயும் தந்தையும் குழந்தையுமாகச் செல்லும் நெடும்பயணங்களே அதன் உயிர்நாடி.

குழந்தை நோயாளி, மருத்துவர்கள் கைவிட்டனர். தாய் மட்டும் நம்பிக்கை இழக்கவில்லை. வண்டிப் பயணமும் வெளிக்காற்றும் குழந்தைக்கு நலம் செய்வதாக அவளுக்குப் பட்டது. ஒருமுறை வழியில் குழந்தை மிகவும் சோர்ந்துவிடவே, வண்டியை நிறுத்திக் காட்டின் இடையே ஒரு வெளியில், உயர்ந்த புல்லின் மேல் படுக்கை விரித்துக் கிடத்தினார்கள். பேசவும் வலுவற்றுக் கிடந்த குழந்தையின் மூக்கில் காட்டு மலர்களின் மணம் புகுந்தது. காதில் பறவைகளின் ஒலி விழுந்தது. அங்கிருந்து எடுக்க வேண்டாம் என்று அது வேண்டிக்கொண்டது. அன்றிலிருந்து உடல் தேறத் தொடங்கிற்று என்று எழுதுகிறார் அக்ஸாகோவ். இது மருத்துவ உண்மையோ அன்றோ, தாயின் நம்பிக்கையையும் குழந்தையின் புலன்கள் விழித்தெழுந்ததையும் இதனினும் தெளிவாகச் சொன்னவர் அரியர்.

அக்குழந்தை கண்டவை யாவும் இன்பக் காட்சிகள் அல்ல. வழியில் உறவினருடைய ஊர் ஒன்றில் தங்கியபோது, அங்கே அதிகாரம் செலுத்திய மேற்பார்வையாளன் எளியவர்களை நடத்திய முறை அவனுக்குப் புரியவில்லை. தந்தையைக் கேள்வி மேல் கேள்வி கேட்டான். குடியானவர்கள் ஆண்டைக்காகக் கூலியின்றி உழைக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதை அன்றுதான் அறிந்தான். நாம் மறக்கலாகாத உண்மை இது. பிரபுக்களின் கோடை இன்பம், மண்ணோடு பிணைக்கப்பட்ட பண்ணையடிமைகளின் உழைப்பில் எழுந்தது. கதை சொன்ன அரீனாவும் அவ்வகுப்பிற் பிறந்தவளே. இரண்டாம் அலெக்ஸாந்தர் சக்கரவர்த்தி 1861-ஆம் ஆண்டில் அம்முறையை ஒழிக்கும் வரை இந்நிலை நீடித்தது.

அடிமைக் குடியில் வந்த பேரனும் தாத்தாவின் கிராமத்திற்குச் சென்ற வரலாறு உண்டு. யேகோர் என்னும் பண்ணையடிமை, பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் கொடுத்து 1841-இல் தன் குடும்பத்திற்கு விடுதலை வாங்கினார். அவருடைய பேரனே 1860-இல் தகன்ரோக் நகரில் பிறந்த எழுத்தாளர் அன்டன் செகாவ். தந்தை கடை வைத்திருந்த ஊரிலிருந்து, அண்ணனோடு புல்வெளியின் ஊடே வண்டியேறித் தாத்தாவின் ஊருக்குச் சிறுவன் அன்டன் சென்றதுண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் மரமற்று விரியும் அந்நிலத்தை 1888-இல் ‘ஸ்டெப்பி’ என்னும் நெடுங்கதையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனின் கண்கொண்டு அவர் வரைந்தார்.

அதற்கு இரண்டாண்டு முன்னர், 1886-இல், அவர் எழுதிய ‘வான்கா’ என்னும் சிறுகதையும் ஈண்டு நினைக்கத் தக்கது. அதில் வரும் ஒன்பது வயதுச் சிறுவன் கிராமத்திற்குப் போக வழியற்றவன். தாய் தந்தையற்ற அவன் மாஸ்கோவில் ஒரு செருப்புத் தைப்பவனிடம் வேலை பழக விடப்பட்டு, அடியும் பட்டினியுமாக வாழ்கிறான். கிறிஸ்துமஸ் முந்திய இரவில், தன்னை ஊருக்கு அழைத்துக்கொள்ளும்படி தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். உறையின் மேல் ‘கிராமத்திலுள்ள தாத்தாவுக்கு’ என்று முகவரி எழுதி, சிறிது யோசித்துத் தாத்தாவின் பெயரையும் சேர்த்து, தபால் பெட்டியில் இட்டுவிட்டு, நம்பிக்கையோடு உறங்கப் போகிறான். அக்கடிதம் போய்ச் சேராது என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஊர் பெயரில்லாத அந்த முகவரி இன்று ருஷ்ய மொழியில் ஒரு மரபுத்தொடர் ஆகிவிட்டது. எங்கும் சென்று சேராத வேண்டுகோளை அவர்கள் அவ்வாறு குறிப்பிடுவர்.

ரயில் வந்ததும் காட்சி மாறிற்று. ருஷ்யாவின் முதல் ரயில் பாதை 1837-இல் பீட்டர்ஸ்பர்கிலிருந்து ஜார்ஸ்கோயெ ஸெலோவுக்குத் திறக்கப்பட்டது. 1851-இல் பீட்டர்ஸ்பர்கையும் மாஸ்கோவையும் இணைக்கும் பாதை முடிந்தது. அடிமை முறை ஒழிந்த பின் நொடித்துப்போன பிரபுக்கள் பலர் நிலத்தை விற்றனர். பாதையோரங்களில் சிறு சிறு மர வீடுகள் எழுந்தன. குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் வணிகர்களும் கோடையில் அவற்றை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தைக் குடியேற்றினர். 1904-இல் முதன்முதலாக மேடையேறிய செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தில், பழைய தோட்டத்தை வெட்டிக் கோடை வீடுகளுக்கு மனை பிரிக்கும்படி கூறுபவன் அடிமைக் குடியானவனின் மகனாகிய வணிகன் என்பது கருதற்பாலது.

அவ்வீட்டிற்கு ருஷ்ய மொழியில் ‘தாச்சா’ என்று பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என்னைப் போன்றவர்களுக்கு இச்சொல் ஒரு சோதனை. ‘பண்ணை வீடு’ என்றால் செல்வம் தொனிக்கிறது. ‘கோடை இல்லம்’ என்றால் மலைவாசத் தலத்து மாளிகை நினைவுக்கு வருகிறது. ‘கொடுத்தல்’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல் அது. பீட்டர்ஸ்பர்கிலிருந்து பீட்டர்ஹோஃப் செல்லும் சாலையோரத்தில் மகா பீட்டர் தம் அரசவையினர்க்கு வழங்கிய நிலங்களோடு இச்சொல்லின் வரலாறு தொடர்புடையது. நம் நாட்டு மானிய நிலத்தைப் போன்றது எனலாம். அரசன் கொடுத்தது என்ற பொருள் காலப்போக்கில் மறைந்து, குடும்பம் கோடையில் கூடும் இடம் என்ற பொருளே நிலைத்தது.

1917-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பெரும் பண்ணைகள் அரசுடைமையாயின. ஆயினும் வழக்கம் அழியவில்லை, முன்னிலும் பரவிற்று. இரண்டாம் உலகப் போரின் அழிவுக்குப் பின், 1949-இல் வெளியான அரசாணை, தொழிலாளரும் அலுவலரும் நகரத்திற்கு வெளியே தோட்டம் போட நிலம் பெற வழி செய்தது. பிற்காலத்தில் 600 சதுர மீட்டர் என்பது வழக்கமான அளவாயிற்று. நம் கணக்கில் ஏறத்தாழ 15 சென்ட். அதில் உருளைக்கிழங்கு, வெள்ளரி, முட்டைகோஸ், சில பழச் செடிகள், ஒரு சிறு மர வீடு. பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை மூன்று மாதம். பெற்றோர் வாரம் முழுதும் நகரத்தில் வேலை பார்த்துவிட்டு, விடுமுறை நாட்களில் மின்சார ரயிலில் வந்து சேர்வர். இடையில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள் பாட்டி. காட்டில் எந்தக் காளான் உண்ணத் தக்கது, எது நஞ்சு என்று கற்பிப்பவளும் அவளே. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்து, சம்பளமும் ஓய்வூதியமும் தட்டுப்பட்ட ஆண்டுகளில், பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது அந்தத் துண்டு நிலத்து உருளைக்கிழங்கே.

மெய்யான கிராமமோ இக்காலத்தில் தேய்ந்துகொண்டே வந்தது. இளைஞர்கள் நகரத்திற்குச் சென்றனர். 1960-களிலும் 1970-களிலும் பல சிற்றூர்கள் வளர்ச்சிக்கு வாய்ப்பற்றவை என்று அரசினரால் வகுக்கப்பட்டன. அங்கே பள்ளியும் கடையும் மூடப்பட்டன. குடிகள் பெரிய ஊர்களுக்குப் பெயர்ந்தனர். பாட்டி இறந்ததும் வீடு பூட்டப்பட்டது. பேரன் வருவதற்கு முகவரி இல்லாமற் போயிற்று. வான்காவின் கடிதத்தில் விடுபட்ட ஊர்ப்பெயர், இப்போது பல குடும்பங்களுக்கு மெய்யாகவே விடுபட்டுப் போயிற்று எனலாம்.

நேயர்களே, இந்த வரலாற்றிற்கும் நமக்கும் இடையே ஒரு மெய்யான தொடர்பு உண்டு. மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்த ருஷ்யக் கதைகளை நம்மிற் பலர் இளமையில் படித்திருக்கிறோம்; நான் கூற வருவது அதனினும் பழைய தொடர்பு. மாஸ்கோவுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள யாஸ்னயா பொல்யானா என்னும் தம் கிராமத்தில், 1859-இல் டால்ஸ்டாய் குடியானவர் குழந்தைகளுக்காகப் பள்ளி ஒன்றைத் திறந்தார். 1872-இல் அவர்களுக்கென அரிச்சுவடி ஒன்றையும் வெளியிட்டார். அவரோடு 1909-இல் கடிதத் தொடர்பு கொண்ட காந்தியடிகள், அடுத்த ஆண்டில் ஜோகன்னஸ்பர்க் நகரிலிருந்து சுமார் 21 மைல் தொலைவில், நண்பர் காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் ‘டால்ஸ்டாய் பண்ணை’யை நிறுவினார். சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே குடியேறின. அவர்களுள் தமிழர் பலர்.

அங்கிருந்த தமிழ்ச் சிறுவர்கள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். தமிழ் சிறிதே பேசுவர். எழுத்து அறவே தெரியாது. அவர்களுக்குத் தமிழ் எழுத்தும் இலக்கணத்தின் தொடக்கமும் கற்பிக்க முன்வந்தவர் காந்தியடிகளே. கப்பலிலும் சிறையிலும் போப்பையரின் கைந்நூலைக் கொண்டு தாம் கற்ற சிறிதளவு தமிழே அவருக்கிருந்த மூலதனம். பேச்சில் மாணாக்கர்கள் தம்மை வென்றுவிடுவர் என்பதை அவர் ஒளிக்கவில்லை. ஆங்கிலம் அறியாத தமிழர் தம்மைக் காண வரும்போது, அச்சிறுவர்களே தமக்கு மொழிபெயர்ப்பாளர் ஆயினர் என்று தம் வரலாற்றில் எழுதுகிறார். தாய்மொழியின் எழுத்தை இழந்த பிள்ளைகள், குஜராத்தி ஒருவரிடம் அதைக் கற்று, அவருக்கே துணைநின்ற காட்சியை எண்ணும்போதெல்லாம் என் உள்ளம் நெகிழ்கிறது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது வருவோம். கிராமத்தில் சில வாரம் தங்கும் குழந்தை என்ன அடைகிறது? புஷ்கின் அடைந்தது இலக்கணம் அன்று. அதைப் பள்ளியும் கற்பிக்கும். அன்போடு தன்னிடம் பேசப்பட்ட மொழி ஒன்று உண்டு என்ற நினைவை அவன் அடைந்தான். அக்ஸாகோவ் அடைந்தது அழகை மட்டும் அன்று. அநீதியைக் கண்டு வினவும் கண்ணையும் அவர் அடைந்தார். இவ்விரண்டையும் பாடப் புத்தகம் தருவதில்லை. பாட்டியும் தாத்தாவும் இருக்கும் வரை அவர்கள் தருகிறார்கள். அவர்கள் எல்லாக் காலத்திலும் இருப்பதில்லை.

ஸகாரோவோவில் பழைய வீடு நெடுநாள் முன்பே அழிந்துவிட்டது. கவிஞரின் இருநூறாவது ஆண்டு நிறைவாகிய 1999-இல் அதே இடத்தில் வீடொன்றை மீண்டும் எழுப்பி, நினைவகமாகப் போற்றி வருகின்றனர். வீட்டை மீண்டும் கட்டிவிட முடிந்தது. ஆனால் கூடையில் அமர்ந்த குழந்தைக்குக் கேட்ட குரலை யாராலும் மீண்டும் எழுப்ப இயலாது. உங்கள் ஊரில் அக்குரல் இன்னும் ஒலிக்குமாயின், அடுத்த கோடைக்கான பயணச் சீட்டை இப்போதே வாங்கிவிடுவது நலம்.